ஆண்டனி எட்வர்ட்ஸின் ஏ.இ. 1: யார் காலுக்குப் பொருந்தும் இந்த ஷூ?

ஒரு ஆட்டக்காரர் பெயரில் வரும் கூடைப்பந்து ஷூவை எடைபோட வேண்டுமென்றால், முதலில் அவர் கோர்ட்டில் எப்படி ஓடுகிறார், எப்படி நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் ஆண்டனி எட்வர்ட்ஸ் பெயரில் அடிடாஸ் கொண்டுவந்த முதல் ஷூ ஏ.இ. 1. 2023 டிசம்பர் 16 அன்று 120 டாலர் விலையில் வெளிவந்தது. அப்போது எட்வர்ட்ஸுக்கு 22 வயது. அவர் ஆடும் விதத்தைத் தெரிந்துகொண்டு வாங்கினால் இது அருமையான ஷூ. பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், பாதிப் பேருக்கு இது கனமாகவும் விறைப்பாகவும்தான் தெரியும்.

ஆளை முதலில் பார்ப்போம். 6 அடி 4 அங்குல உயரம், 100 கிலோவைத் தாண்டிய எடை. அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் அவருடைய முதல் விளையாட்டு அமெரிக்கக் கால்பந்து. அதில் பந்தைச் சுமந்துகொண்டு எதிரணி ஆட்களின் இடுக்கில் புகுந்து ஓடும் ‘ரன்னிங் பேக்’ இடத்தில் ஆடினார். தோளைத் தாழ்த்தி, இடுப்பைக் கீழே இறக்கி, ஒரே எட்டில் ஆளைக் கடந்து போகிற அந்தப் பழக்கம் இன்றைக்கும் அவர் ஆட்டத்தில் அப்படியே இருக்கிறது. வளையத்தை நோக்கி அவர் புறப்படும்போது பின்னங்கால் தரையை எவ்வளவு அழுத்தி உதைக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஷூவின் முன்பாதி தாங்க வேண்டிய பாரம் என்னவென்று அப்போது புரியும்.

2015-இல், அவருக்கு 14 வயது நிரம்பும் காலத்தில், தாயையும் பாட்டியையும் சில மாத இடைவெளியில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இருவரும் இறந்தது மாதத்தின் 5-ஆம் தேதி. 2023-இல் தன் சட்டை எண்ணை 1-இலிருந்து 5-க்கு மாற்றிக்கொண்டது அதனால்தான். இந்த ஷூவின் முதல் வண்ணத்துக்கு வைத்த பெயர் ‘வித் லவ்’, அதாவது ‘அன்புடன்’.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடினார், சராசரி 19.1 புள்ளிகள். மிச்சிகன் ஸ்டேட் அணிக்கு எதிராக 37 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தில் 33 புள்ளிகள் இரண்டாம் பாதியில் மட்டும் வந்தவை. ஆனால் அந்தப் பருவத்தில் தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி எறிதலில் அவருடைய துல்லியம் 29.4 சதவீதம்தான். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்டில் முதல் ஆளாக மினசோட்டா அவரை எடுத்தபோது பலருக்கும் இருந்த சந்தேகம் அதுதான்: பாய்ந்து போகிறார், சரி, தூரத்திலிருந்து போடுவாரா? 2024-25 பருவத்தில் அவர் போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் 320. அந்தப் பருவத்தில் என்.பி.ஏ.வில் வேறு யாரும் அத்தனை போடவில்லை. துல்லியம் 39.5 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. சராசரி 27.6 புள்ளிகள்.

இந்த மாற்றத்தைச் சொல்லாமல் ஷூவைப் பற்றிப் பேச முடியாது. இப்போது அவர் காலுக்கு இரண்டு வேலை. ஒன்று, முழு வேகத்தில் வளையத்தை நோக்கிப் பாய்வது. மற்றொன்று, அதே வேகத்தைச் சட்டென்று கொன்றுவிட்டுப் பின்னால் துள்ளி, கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது. பின்துள்ளலில் உடல் எடை முழுதும் ஒரு காலின் வெளி ஓரத்தில் கால் நொடி நேரம் நிற்கும். ஷூ பக்கவாட்டில் மடங்கினால் கணுக்கால் பிசகும். ஷூவுக்குள் பாதம் வழுக்கினால் எறிதல் கோணும். ஏ.இ. 1 முழுக்க முழுக்க அந்தக் கால் நொடிக்காகவே செய்ததைப் போல இருக்கிறது.

பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். தேன்கூடு போலத் துளைகள் விட்ட, விறைப்பான ஒரு உறை, மிட்சோல் எனும் நடு அடுக்கிலிருந்து மேலே எழும்பிப் பாதத்தை இருபுறமும் அணைத்து நிற்கிறது. அடிடாஸ் இதைச் ‘சப்போர்ட் விங்’ என்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் துணி போல உள்ளே போகாது, எதிர்த்து நிற்கும். அதற்குள் காலுறை போன்ற துணி உள்ளங்கி. துளைகள் இருப்பதால் காற்றும் ஓரளவு புகும். இந்த ஷூவின் உயிர் இந்த உறைதான், இதைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் இதுவேதான். விறைப்பு இருப்பதால்தான் வெட்டித் திரும்பும்போது பாதம் ஓரத்துக்குத் தள்ளப்படுவதில்லை. அதே விறைப்பால்தான் முதல் சில நாட்கள் பாதத்தின் பக்கங்களில் உறுத்தும்.

கீழே மெத்தை, அடிடாஸின் பூஸ்ட் நுரை. 2013-இல் முதலில் வந்தது. டி.பி.யு. எனும் பிளாஸ்டிக்கைச் சிறு மணிகளாகப் பொரியவைத்து, நீராவியில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் ஜவ்வரிசி அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். சாதாரண ஈ.வி.ஏ. நுரை சில மாத ஆட்டத்தில் அமுங்கிச் செத்துவிடும். பூஸ்ட் அவ்வளவு சீக்கிரம் துள்ளலை இழக்காது. பதிலுக்கு எடை கூடும். ஏ.இ. 1 கனமாக இருப்பதற்கு இந்த நுரையும் மேலே சொன்ன உறையும் சேர்ந்துதான் காரணம். பூஸ்ட் மட்டும் தனியாக இருந்தால் பக்கவாட்டில் தளும்பும். அதனால் சுற்றிலும் கடினமான ஓரம் கட்டியிருக்கிறார்கள். குதித்து இறங்கும்போது மெத்து, ஓரம் ஏறி நிற்கும்போது கெட்டி, இரண்டும் ஒரே ஷூவில் கிடைப்பது அதனால்தான்.

நல்ல எடையுள்ள, முட்டி மோதி ஆடுகிறவருக்கு இந்த மெத்தை சரியாக அமுங்கித் திரும்பும். ஒல்லியான, எடை குறைந்த ஆட்டக்காரர் மிதித்தால் அது முழுதாக வேலை செய்யாது. அவருக்கு மிஞ்சுவது கனம் மட்டுமே. பந்தைத் தட்டிக்கொண்டு சின்னச் சின்ன அடிகளில் அலைகிற பாயிண்ட் கார்டுகளுக்கு இதைவிட மெலிந்த ஷூக்கள் நிறைய இருக்கின்றன. இதில் சமாதானம் தேட வேண்டியதில்லை.

அளவுக்கு வருவோம், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மாலையில் அளவெடுங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் காலையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், ஆட்டத்தின்போது இருக்கும் அளவும் அதுவே. சுவரோடு ஒட்டிக் காகிதம் விரித்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. பெரிய காலின் அளவுதான் கணக்கு. ஆடும்போது போடும் தடித்த காலுறையோடு ஷூவை அணிந்து பார்த்தால் விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் இடையே 1 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஏ.இ. 1 உட்புறம் இறுக்கமானது. சராசரிப் பாதத்துக்கு வழக்கமான அளவே போதும். அகலப் பாதக்காரர்கள் அரை அளவு கூட்டிப் பார்க்கலாம். ஆனால் நீளம் கூடினால் குதிகால் தளரும் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை. லேஸை ஆட்டத்துக்குக் கட்டுவது போல முழுதாகக் கட்டி, பக்கவாட்டில் மூன்று எட்டு வேகமாக வைத்துச் சட்டென்று நில்லுங்கள். ஷூ தரையில் நின்று, பாதம் உள்ளே நகர்ந்தால் அளவு அல்லது அகலம் சரியில்லை. பாதம் ஷூவோடு ஒட்டி நின்று, ஷூ தரையில் வழுக்கினால் அது பிடிமானக் கோளாறு, கடைத் தரையின் மெருகாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் சரியான அளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவறானதை எடுத்துப் போகிறார்கள்.

புதிதாக வாங்கி நேரே போட்டிக்குப் போட்டுப் போகக் கூடாது. அந்த உறை காலுக்குப் படிய நாலைந்து பயிற்சி வேண்டும். முதல் இரண்டு நாள் எறிதல் பயிற்சி, மெது ஓட்டம் என்று அரை மணி நேரம் போதும். மூன்றாவது முறையிலிருந்து வெட்டித் திரும்புவது, தடுப்பாட்டச் சறுக்கல் அடிகள். ஒரு வாரம் ஆகியும் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால், அது பழகாத ஷூ அல்ல, பொருந்தாத ஷூ. மாற்றிவிடுங்கள்.

கட்டைவிரல் நகம் கறுப்பதற்குப் பெரும்பாலோர் ஷூ சிறியது என்று காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் உண்மைக் காரணம் குதிகால் பூட்டிக்கொள்ளாததுதான். ஓடிவந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் பாதம் முன்னுக்கு வழுக்கி நகம் முனையில் இடிக்கிறது. தீர்வு லேஸில் இருக்கிறது. மேலே கடைசித் துளைக்கு ஒன்று கீழே வரை வழக்கம்போலக் கோர்த்து, கடைசித் துளையில் லேஸை அதே பக்கத்திலேயே நுழைத்துச் சிறு வளையம் விடுங்கள். இடது லேஸை வலது வளையத்திலும், வலதை இடதிலும் விட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் நகராது. கட்டும் முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பிடிமானம் சுத்தமான மரத்தளத்தில் அபாரம். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். தூசித் தளத்தில் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். கோடுகளுக்கிடையே தூசி அப்பிக்கொண்டால் எந்த ரப்பரும் கண்ணாடி மாதிரி வழுக்கத்தான் செய்யும். ஈரத் துண்டு ஒன்றைக் கோர்ட் ஓரத்தில் மடித்துப் போட்டு, ஆட்டம் நிற்கும்போதெல்லாம் மிதித்துத் தேயுங்கள். உள்ளங்கையால் துடைத்தால் வியர்வையும் சேர்ந்து ஒட்டும், பந்தும் கையில் வழுக்கும்.

சிமெண்ட் கோர்ட்டுக்கு இதை வாங்குவது எங்கள் பார்வையில் வீண் செலவு. சொரசொரத் தரை அரம் போல ரப்பரைத் தின்றுவிடும். முதலில் தேய்வது கட்டைவிரலுக்குக் கீழே, சுழன்று திரும்பும் இடம். அங்கே கோடு மறைந்துவிட்டால் மற்ற இடமெல்லாம் புதிதாகத் தெரிந்தாலும் ஷூவின் ஆட்டக் காலம் முடிந்தது என்று அர்த்தம். எட்வர்ட்ஸ் 2022 முதல் 2025 வரை மூன்று பருவத்திலும் 79 ஆட்டங்கள் வீதம் ஆடினார். அவர் மாற்றிப் போட எத்தனை ஜோடி வேண்டுமானாலும் வரும். நமக்கு ஒரே ஜோடி, ஆகவே உள்ளரங்குக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தால் நீண்ட நாள் உழைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் பாதம் படும் உள் அட்டையான இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் ஒட்டும் பசை விடும். துணி துவைக்கும் இயந்திரத்தில் போடவே கூடாது. தேன்கூட்டுத் துளைகளில் படியும் அழுக்குக்கு மென்மையான பல் துலக்கியும் சிறிது சோப்பு நீரும் போதும். வெள்ளை பூஸ்ட் நாளடைவில் மஞ்சளாகும். அது நுரையின் இயல்பு, துள்ளலைப் பாதிக்காது.

எட்வர்ட்ஸ் 2024 மார்ச் 18 அன்று யூட்டாவில் எதிரணி ஆட்டக்காரர் ஜான் காலின்ஸ் தலைக்கு மேல் ஏறிப் பந்தை வளையத்துக்குள் அறைந்த டங்க்கும், அதே பருவத்தில் டிம்பர்வுல்வ்ஸ் 20 ஆண்டுகளுக்குப் பிறகு என்.பி.ஏ.வின் மேற்குப் பிரிவான வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் இறுதியை எட்டியதும், பாரிஸ் ஒலிம்பிக் தங்கமும் சேர்ந்து இந்த ஷூவுக்குத் தேவையை ஏற்றிவிட்டன. தேவை ஏறினால் போலியும் வரும். ஷூவின் நாக்குப் பகுதியின் உட்புறச் சீட்டில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது, வலது சீட்டுகளின் வரிசை எண் மட்டும் வேறுவேறாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உறையை அழுத்தும்போது ரப்பர் போலக் குழைந்தாலும் அப்படியே.

2024-இல் தாழ்ந்த கழுத்துள்ள ஏ.இ. 1 லோ வந்தது. கணுக்கால் பாதுகாப்புக்கு உயரக் கழுத்துதான் நல்லது என்று நினைத்து இதை ஒதுக்க வேண்டாம். பிசகைத் தடுப்பதில் பெரும்பங்கு அகலமான அடிப்பாகத்துக்கும் பாதம் உள்ளே நகராமலிருப்பதற்கும்தான். ஏற்கெனவே கணுக்கால் பட்டை கட்டி ஆடுகிறவர்களுக்கு லோ வசதி, பட்டைக்கு இடம் கிடைக்கும். பட்டையையும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும்.