விடிலிக் கருப்பட்டி: கேட்கிற விலைக்குத் தகுமா?

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொட்டலத்தில் ‘உடன்குடி’ என்று அச்சடிப்பது அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பெயரில் வரும் எல்லாவற்றையும் இங்கே எடுக்கவில்லை. உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்தில் பனங்காட்டு விடிலியிலேயே, அதாவது காய்ச்சுவதற்கென்று போட்ட குடிசையிலேயே, பதநீரைக் காய்ச்சி, ஊற்றிய கையே நேரடியாக விற்கும் சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மளிகைக்கடைக் கருப்பட்டியைப் பார்த்துவிட்டு இதன் விலையைக் கேட்டால் முதலில் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

விலையை ஒரே கணக்கில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். வெயில் காலத்தில் 8 போதும். மழை பெய்த மறுநாள் இறக்கிய பதநீர் என்றால் 10-ஐயும் தாண்டும். அந்த ஊரில் பதநீர் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடுப்பில் ஏற்றும் முன்பே 400 ரூபாய் ஆயிற்று. விறகு, காய்ச்சுகிற கூலி, ஊற்றி வைக்கும் தேங்காய்ச் சிரட்டை, ஓலைப்பெட்டி எல்லாம் அதற்கு மேல். பதநீராகவே விற்றால் இவ்வளவு கிடைக்கும் என்கிறபோது, அதற்கும் குறைவான விலைக்கு ‘அசல்’ கருப்பட்டி ஒருவர் தருகிறார் என்றால், மீதியை எது ஈடுகட்டுகிறது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் சீனிதான்.

கருப்பட்டி வட்டை உடைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நல்ல வட்டின் முதுகில் சிரட்டையின் உட்புற வரி பதிந்திருக்கும். உடைத்தால் உள்ளே மங்கிய பழுப்பு, பொடிப்பொடியான மணல் போன்ற குருணை. நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அதன் பின்னால் மெல்லிய உவர்ப்பு, கடைசியில் புகை வாசனை. சீனி அதிகம் போட்டது கல்லாக இறுகி, உடைத்த இடத்தில் பளபளவென்று மின்னும். இனிப்பு உடனே வந்து உடனே போய்விடும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனை எதுவும் பலிக்காது. பதநீரில் இருப்பதும் சுக்ரோஸ்தான், சீனியும் சுக்ரோஸ்தான். தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் அடியில் சுண்ணாம்பு தெரியும், அவ்வளவே. நிறமும் சாட்சி இல்லை. கன்னங்கரேலென்று இருப்பது அசல் என்ற நம்பிக்கை வீண். சுண்ணாம்பு கூடினாலும் அடிபிடித்தாலும் கருப்பட்டி கறுக்கும்.

ஆகவே சரக்கைவிட, விற்கிறவரின் நடைமுறையைப் பார்ப்பதுதான் வழி. அதற்கு விடிலிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் பதநீர் மரத்திலேயே புளித்துக் கள்ளாகும். சுண்ணாம்பு குறைந்தாலோ, கலயத்தைச் சரியாகக் கழுவாவிட்டாலோ, இறக்கிய பதநீர் காலையில் அடுப்பேறத் தாமதமானாலோ உள்ளிருக்கும் சர்க்கரை உடையத் தொடங்கும். பார்த்தால் தெரியாது, மோந்தாலும் லேசாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சிய பிறகு அது காட்டிக்கொடுத்துவிடும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு, நுரையை அரித்து, பாணி, அதாவது பாகு, கெட்டிப்பட்டதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார்கள். விரலில் உருண்டு வந்தால் பதம். இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் இறுகிவிடும். புளிப்பு தட்டிய பதநீர் உருளாது. சிரட்டையில் ஊற்றினாலும் அல்வா மாதிரி இளகியே கிடக்கும்.

கலப்படம் நுழைகிற வாசல் இதுதான். பேராசை மட்டும் காரணமில்லை. விடியுமுன்னே 30, 40 மரம் ஏறி இறக்கிய பதநீர் மொத்தமும் இறுகிக் கட்டாமல் போகும்போது, நாலு கிலோ சீனியைக் கொட்டினால் கட்டிவிடும். ஒரு நாள் செய்தது மறுநாளும் கை வரும். சீனி தொடாத விடிலிகள் அந்தக் காய்ச்சலைக் கூப்பனியாகவே, அதாவது பாணியாகவே, குறைந்த விலைக்கு விற்றுவிடும். எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, “கட்டாமல் போனதை என்ன செய்வீங்க அண்ணாச்சி?” என்பதுதான். “எங்களுக்கு அப்படி ஆகவே ஆகாது” என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். பனை ஏறத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு அடையாளம் நாள்காட்டி. மாசியில் பாளை கட்டத் தொடங்கி, சித்திரை வைகாசியில் உச்சம் தொட்டு, ஆடியோடு ஓயும் தொழில் இது. ஐப்பசி மழையில் ‘நேற்று காய்ச்சியது’ என்று அனுப்புகிறவரிடம் பதநீர் எங்கிருந்து வந்தது? நல்ல விடிலி அந்த மாதங்களில் பழைய இருப்பு என்று சொல்லியே தரும், அல்லது இல்லை என்று சொல்லிவிடும். வருஷம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே எடையில், ஒரே விலையில் கிடைப்பது நம்பகத்தின் அடையாளம் என்று நகரத்தில் நினைக்கிறோம். கருப்பட்டியில் அது நேர்மாறு.

இனி குறைகள். எல்லாவற்றையும் ‘இயற்கையான பொருள், அப்படித்தான் இருக்கும்’ என்று மன்னிக்கத் தேவையில்லை. வட்டுக்கு வட்டு எடை மாறுவது, அடியில் கொஞ்சம் வண்டல் நிற்பது, நிறம் காய்ச்சலுக்குக் காய்ச்சல் வேறுபடுவது இவற்றை ஏற்றுக்கொள்ளலாம். தூசியும் சில்லாட்டைத் துணுக்கும் (பனை மட்டையடியில் இருக்கும் நார்வலை) வருவதை ஏற்றுக்கொள்ள முடியாது. பதநீரைத் துணியில் இருமுறை வடிகட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். நாக்கைப் பொத்துவிடும் அளவுக்குச் சுண்ணாம்பு காரம் இருந்தால் அதுவும் கவனக்குறைவுதான்: பதநீரை ஆடாமல் தெளியவிட்டு மேலாக இறுத்துக் காய்ச்சியிருக்க வேண்டும். காய்ச்சிய தேதியைப் பெட்டியில் எழுதாததுதான் இந்தச் சிறு விடிலிகளின் பெரிய குறை. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணை அச்சடிக்கிறவர்கள்கூடத் தேதியை விட்டுவிடுகிறார்கள். ஓலைக் கொட்டான் அழகுதான், காற்றும் போகும். ஆனால் அதைப் பாலித்தீனில் சுற்றிப் பார்சலில் போட்டால் உள்ளே வியர்த்து, வந்துசேரும்போது வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தடித்த காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று அச்சடித்திருந்தால் அது யார் சரக்காக இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். சீனியில் இல்லாத தாது உப்புகள் கொஞ்சம் இதில் உண்டு; ஆனால் பெரும்பகுதி சர்க்கரைதான்.

சுக்குக் கருப்பட்டி கேட்டால் ஒரு எச்சரிக்கை. சுக்கு, மிளகு, ஏலம் போட்டதில் அந்தக் காரமும் வாசனையும் மேலே நிற்பதால் சீனி கலந்திருந்தாலும் நாக்குக்குச் சுலபத்தில் பிடிபடாது. முதல் தடவை வெறும் வட்டை வாங்கி, விடிலியை நம்பிய பிறகு அதற்குப் போகலாம்.

சமையலில் நேரடியாகப் போடக் கூடாது. 100 கிராமைத் தட்டி 50 மில்லி தண்ணீரில் கரையும்வரை மட்டும் சூடாக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு கரண்டி வண்டல் நிற்கும், கொட்டிவிடுங்கள். பாலில் கருப்பட்டியைப் போட்டுக் கொதிக்கவிட்டால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு சேர்த்தால் வம்பில்லை. கருப்பட்டிக் காப்பிக்கு, அதாவது பால் இல்லாத கடுங்காப்பிக்கு, இந்தக் கவலையே கிடையாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்துக் கசியும். அடுப்பங்கரைப் பரணில் புகை படும்படி வைத்தவர்கள் விவரம் தெரிந்துதான் வைத்தார்கள். புகை இல்லாத வீட்டில் காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடினால் போதும். மழைக்காலத்தில் லேசாகக் கசிந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. புளித்த வாடை வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

எவ்வளவு, எப்போது? நாலு பேர் வீட்டுக்கு, தினம் ஒரு வேளை காப்பி என்றால் மாதம் ஒரு கிலோவுக்குக் குறையாது. பங்குனியில் அரைக் கிலோ வாங்கி ருசி பாருங்கள். பிடித்திருந்தால் வைகாசியில், வெயில் காய்கிற வாரமாகப் பார்த்து, மழைக்காலம் முடியும்வரை வேண்டியதைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள். முன்பணம் கேட்டால் தயங்க வேண்டாம். பனை ஏறும் கூலியை அவர்கள் அன்றன்றே கொடுத்தாக வேண்டும்.