ஒட்டிக்கொள்வதில் எந்த மீன் கெட்டி: உளுவையா, ரெமோராவா, கிளிங்பிஷ்ஷா?

குளியலறையில் மாட்டுகிற ரப்பர் கொக்கியை ஆத்தங்குடிக் கல்லில் அழுத்திப் பாருங்கள். கண்ணாடிமேல் வார்த்த கல், வழவழப்பு; கொக்கி இழுத்தாலும் வராது. புதிதாகக் கொத்திய அம்மியில் அழுத்தினால் நிற்கவே நிற்காது. குழிகள் வழியே காற்று புகுந்துவிடும். கடற்பாறையும் அப்படித்தான்: சொரசொரப்பு, மேலே பாசி வேறு. அதில் பிடித்து நிற்பதுதான் உண்மையான பரீட்சை.

உளுவை நம் கண்மாய்களிலேயே கிடைக்கும். வயிற்றுப் பக்கம் திருப்பினால், இரண்டு துடுப்புகள் சேர்ந்து சின்னக் கிண்ணம் போல இருப்பது தெரியும். ஹவாய்த் தீவில் இதன் உறவுமீன் ஒன்று வாயாலும் இந்தக் கிண்ணத்தாலும் மாறி மாறிப் பற்றி அருவிப் பாறையில் ஏறுகிறது. பொதுவாக உளுவைக்கு நீரோட்டத்தைத் தாங்கும் பிடி போதும்.

சுறா போன்ற பெரிய மீன்களில் ஒட்டிக்கொண்டு போகும் ரெமோராவின் வழி வேறு. முதுகுத்துடுப்புதான் தலைமேல் தட்டாக மாறியிருக்கிறது. அதிலுள்ள பட்டைகளை நிமிர்த்தினால் உறிஞ்சும். பட்டைகளின் நுண்முட்கள் சுறாத்தோலில் மாட்டிக்கொள்ளும். சுறா வேகமாக நீந்தினால் பிடி இன்னும் இறுகும். விடுபட வேண்டுமென்றால் மீன் முன்பக்கம் நகர்ந்தால் போதும். ஓடுகிற உடம்பில் தொற்றிப் பயணம் போக இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

பாறைக்கு என்றால் என் ஓட்டு கிளிங்பிஷ்ஷுக்குத்தான். பெரும்பாலானவை விரல் நீளம்கூட இல்லாத, செதிலற்ற, வழவழப்பான மீன்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஓர் இனம் கொஞ்சம் பெரிது. அலை அறையும் பாறையில் ஒட்டியிருந்து, அங்கே அப்பிக் கிடக்கும் லிம்பெட் நத்தைகளையே பெயர்த்துத் தின்னும். 2013 இல் வெளியான ஆய்வில், அது தன் எடையைப்போல் 80 முதல் 230 மடங்கு விசையைத் தாங்கியது. சொரசொரப்பான பரப்பிலும் பிடித்தது. ரப்பர் உறிஞ்சியோ வழவழப்பில் மட்டுமே நின்றது.

ரகசியம் இதன் வயிற்றுப் பக்கமுள்ள உறிஞ்சும் தட்டின் விளிம்பில் இருக்கிறது. அங்குள்ள சிறு மொட்டுகளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் அடர்ந்திருக்கின்றன. அவை பாறையின் குழிமேடுகளுக்குள் படிந்து கசிவை அடைப்பதோடு, விளிம்பு உள்ளே சரியாதபடி உராய்வும் தருகின்றன. உறிஞ்சி தோற்பது பெரும்பாலும் விளிம்பு சரிவதால்தான். அந்த இடத்தையே இந்த மீன் பலப்படுத்தியிருக்கிறது.

இந்த விளிம்பைப் பார்த்துச் செய்த செயற்கை உறிஞ்சிகள், நீருக்கடியில் கரடுமுரடான பரப்புகளிலும் பிடிக்கின்றன.