வேலூரில் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா, சித்தி, என் மகள், நான் நாலு பேரும் மாமல்லபுரம் போய் வந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் மாறி மாறிப் போக முடியாது. எனக்கு ஓட்டத் தெரியும், சொந்த வண்டி இல்லை. காட்பாடி பக்கம் ஒருவரிடம் முந்தின நாள் ராத்திரி கார் எடுத்தேன். 24 மணி நேரத்துக்கு 2,500 ரூபாய், 300 கிலோமீட்டர் வரை. முன்பணம் 10,000. என் ஒரிஜினல் ஆதார் கார்டையும் வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, "இன்னாக்கா, நம்ம ஊருக்காரங்க, பேப்பர்லாம் எதுக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பயணத்தில் ஒரு குறையும் இல்லை. காஞ்சிபுரத்தில் டிபன் முடித்துக் கைலாசநாதர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். இதைக் கட்டின ராஜசிம்ம பல்லவன்தான் கடற்கரைக் கோயிலையும் கட்டினான் என்று மகள் வழியெல்லாம் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக அவசரமில்லாமல் போனோம். சனி, ஞாயிறு என்றால் ஐந்து ரதத்தில் நின்று பார்க்க முடியாது. அன்றைக்கு வெயில்தான் இருந்தது, கூட்டம் இல்லை. கடற்கரைக் கோயில் புல்வெளியில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நிம்மதியாகப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

ராத்திரி ஒன்பதரைக்கு வண்டியைத் திருப்பி விட்டேன். ஓடினது 284 கிலோமீட்டர். அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முன்பக்க பம்பரின் இடது மூலையில் குனிந்து செல்போன் டார்ச்சை அடித்தார். "கீறல் போட்டுட்டீங்களே மேடம்." ராத்திரிக்குள் அக்கா மேடம் ஆகிவிட்டேன். பம்பருக்கு 6,500, டோலுக்கு 700, வாட்டர் வாஷுக்கு 500. மீதி 2,300 ரூபாயை அனுப்பினார்.

டோல் மெசேஜைக் காட்டச் சொன்னேன். அதில் ஒன்று பள்ளிகொண்டா! அது பெங்களூர் ரோட்டில், ஆம்பூர் போகிற பக்கம். நாங்கள் போனது வாலாஜாவைத் தாண்டிக் கிழக்கே. வேறு யாரோ போன டோலை என் தலையில் கட்டியிருக்கிறார்.

கீறலுக்கும் சாட்சி இருந்தது. விடியற்காலையில் கிளம்பும்போது அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டியதை மகள் போட்டோ எடுத்திருந்தாள். பழத்துக்கு மேலே அதே மூலையில் அதே கீறல் தெளிவாகத் தெரிகிறது. காட்டினேன். "அது வேற கீறல் மேடம்" என்று சொல்லிவிட்டு டிராயர் மேல் கையை வைத்துக்கொண்டார். என் ஆதார் உள்ளே. வெளியே ஆட்டோவில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இன்சூரன்ஸ் வேலையில் இருக்கும் மாமா சொன்ன பிறகுதான் பெரிய ஆபத்தே புரிந்தது. நான் ஓட்டியது வெள்ளை நம்பர் பலகை வைத்த வண்டி. அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி, வாடகைக்கு விடக் கூடாது. நாமே ஓட்டும்படி வாடகைக்கு விடுகிற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுக்கலாம். அம்மாவையும் குழந்தையையும் அப்படி ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆகவே பலகையைப் பாருங்கள். ஒரிஜினல் கார்டு எதையும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். சாவியை வாங்கும்போது அவர் முன்னாலேயே வண்டியைச் சுற்றி, பம்பருக்கு அடியிலும் சேர்த்து, வீடியோ எடுங்கள். மீட்டரும் அதில் விழட்டும். ரசீது தராதவரிடம் எடுக்கவே வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் இதேபோல் முன்பணம் இழந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம்.