கன்னி ஆட்டுக்குச் செம்மறியின் மார்க்கர்: கடன் வாங்கலாமா?

கன்னியும் கொடியும் தென் தமிழக வெள்ளாட்டு இனங்கள். திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தையில் முகத்தில் வெள்ளைக் கோடு ஓடும் பால்கன்னி எது, கோடு சிவந்த செங்கன்னி எது, கால் உயர்ந்த கொடி ஆடு எது என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார்கள். அதையே டி.என்.ஏ.வில் காட்ட உட்காரும் ஆய்வு மாணவருக்குத்தான் குழப்பம். இனத்தையும் உறவையும் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளங்களை மார்க்கர் என்பார்கள். வெள்ளாட்டிலேயே கண்டெடுத்த மார்க்கர்களைத் தேடுவதா, செம்மறியிலும் மாட்டிலும் கண்டவற்றைக் கடன் வாங்குவதா, ஓர் எழுத்து மாறும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே தடவையில் படிக்கும் எஸ்.என்.பி. சிப்புக்குப் போவதா?

கடன் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011இல் வெள்ளாட்டுக்குப் பரிந்துரைத்த 30 மைக்ரோசாட்டிலைட்டுகளில் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும், ஆட்டுக்கு ஆடு நீளம் மாறும் மார்க்கர்கள்) பல இரவல்தான். ‘ஓ.ஏ.ஆர்.’ என்று தொடங்குபவை செம்மறியில் பிறந்தவை, ‘ஐ.எல்.எஸ்.டி.எஸ்.’ வரிசை மாட்டிலிருந்து வந்தது. வெள்ளாட்டின் சொந்தச் சரக்கு ‘எஸ்.ஆர்.சி.ஆர்.எஸ்.பி.’ வரிசை. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் 60 குரோமோசோம்கள், செம்மறிக்கு 54. மூன்று இடங்களில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வந்த குறைவு அது. உள்ளிருக்கும் வரிசை பெரும்பாலும் மாறவில்லை. பிரைமர் (மார்க்கரின் இரு புறமும் ஒட்டி அதைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டும் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி குறைத்தால் பல மார்க்கர்கள் வேலை செய்துவிடும்.

வேலை செய்வது வேறு, உண்மை சொல்வது வேறு. நான் பார்த்த ஒரு முடிவில் மார்க்கரின் நீளம் தாய் ஆட்டுக்கு 148 எழுத்து என்று ஒரே முகடு, குட்டிக்கு 152 என்று ஒரே முகடு. தாயும் குட்டியும் அல்ல என்று கணினி சொல்லிவிட்டது. கிடைக்காரரோ, “என் கையில் விழுந்த குட்டி” என்றார். அவர் சொன்னதுதான் சரி. பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்ததால், இருவருக்கும் பொதுவான அல்லீல் (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் மார்க்கர் வடிவம்) பெருகவே இல்லை. புதிய பிரைமர் போட்டதும் அது எட்டிப் பார்த்தது. மந்தை முழுக்க இப்படி மறைந்தால் பல ஆடுகளுக்கு இரு அல்லீலும் ஒன்றே போலத் தோன்றும்; ‘உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை) மிகுதி’ என்று எழுதி, நல்ல கிடாவைக் கழிக்கச் சொல்லிவிடுவோம். உண்மையான உள்ளினச் சேர்க்கை எல்லா மார்க்கரிலும் தெரியும். ஒன்றிரண்டில் மட்டும் தெரிந்தால் பிரைமரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு வம்பும் உண்டு. செம்மறியில் அதிகம் மாறுபடுகிறது என்றுதானே அந்த மார்க்கரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அதை வைத்துக் கீழக்கரிசல் செம்மறியையும் கன்னியையும் ஒப்பிட்டு, கன்னியில் பன்மை குறைவு என்பது அளவுகோலின் குற்றத்தை ஆட்டின் மேல் போடுவதாகும்.

சிப்பைக் கடன் வாங்கக் கூடாது. செம்மறிச் சிப்பில் வெள்ளாட்டு டி.என்.ஏ.வை ஓட்டினால் விடை நிறைய வரும். ஆனால் பெரும்பாலும் எல்லா ஆட்டுக்கும் ஒரே விடைதான். வெள்ளாட்டுக்கே உரிய 50,000 சொச்சம் புள்ளிகள் கொண்ட சிப் இருக்கிறது. அதுவும் சானென், ஆல்பைன், போயர் போன்ற வெளிநாட்டு இனங்களில் கண்டெடுத்த புள்ளிகள் என்பதால், நம் கரிசல் ஆடுகளின் தனி மாற்றங்கள் அதில் தப்பிவிடும். முழு மரபணுத் தொகுதியைப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை; பணம்தான் தொல்லை.

கன்னியையும் கொடியையும் பிரித்துக் காட்ட அந்த 30இன் பட்டியலே போதும் என்பேன். தாய்–குட்டி உறவு பார்க்க, நம் மந்தையிலேயே சோதித்துத் தேறிய மார்க்கர்கள் மட்டும்.

இரட்டைக் குட்டிக்குக் காரணம் தேடுபவர்கள் வங்காளத்துக் கரோல் செம்மறியில் இருக்கும், குட்டி எண்ணிக்கையைக் கூட்டும் ‘ஃபெக்-பி’ மரபணு மாற்றத்தைக் கன்னியிலும் சோதிப்பதுண்டு. ‘இல்லை’ என்று வந்தால் அந்த ஓர் எழுத்து இல்லை என்றுதான் பொருள். கன்னி ஏன் இரட்டை ஈனுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.