யாவுஸ் முதல் ஹெய்பெலியாதா வரை: சேலத்தில் அச்சாகும் துருக்கிக் கப்பல் மாடல் தொகுப்பு

ஐந்து ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு 3டி பிரின்ட் கடை, துருக்கிப் போர்க்கப்பல்கள் ஐந்தை 1:700 அளவில் ரெசினில் அச்சிட்டு ஒரே பெட்டியில் விற்கிறது. யாவுஸ், ஹமிதியே, நுஸ்ரத், கொஜாதெபே, ஹெய்பெலியாதா. எல்லாமே வாட்டர்லைன் வகை. அதாவது நீர்மட்டத்துக்கு மேலே தெரிவது மட்டும்தான், அடிவயிறு கிடையாது. விலை 4,800 ரூபாய். பெயின்ட் வராது, கைப்பிடிக் கம்பிகளுக்கான பித்தளைத் தகடு வராது, உள்ளங்கை அளவு டீகால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத் தாள்) ஒன்று வரும்.

யாவுஸுக்காக இந்தப் பெட்டியை வாங்கலாம். நுஸ்ரத் அதோடு வரும் இனாம். மற்ற மூன்றும் சுமார் ரகம். ஆனால் யாவுஸை ஒட்டத் தொடங்குவதற்கு முன் எந்த ஆண்டின் கப்பலைச் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். கடைக்காரர் அதை முடிவு செய்யவில்லை. பெட்டியின் பெரிய குறையே அதுதான்.

யாவுஸ் துருக்கியில் பிறந்த கப்பல் இல்லை. ஹாம்பர்க்கில் புளோம் உண்டு ஃபோஸ் தளத்தில் கட்டி, 1911 மார்ச்சில் நீரில் இறக்கி, 1912 ஜூலையில் ஜெர்மன் கடற்படையில் சேர்த்த கோபென் அது. போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கப்பல்கள் துரத்த, மத்தியதரைக் கடலில் தப்பி ஓடி 1914 ஆகஸ்ட் 10 அன்று தார்தனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தது. 16ஆம் தேதி, கூடவே வந்த பிரெஸ்லாவுடன் சேர்த்து உஸ்மானியக் கடற்படைக்கு மாற்றப்பட்டது. பெயர் யாவுஸ் சுல்தான் செலிம் ஆயிற்று. பிரெஸ்லாவ் மிதில்லி ஆனது. அதே மாதம்தான் துருக்கி பணம் கட்டி இங்கிலாந்தில் வாங்கியிருந்த சுல்தான் உஸ்மான், ரெஷாதியே இரண்டையும் பிரிட்டன் பறித்துக்கொண்டது. மக்களிடம் நன்கொடை திரட்டி வாங்கிய கப்பல்கள் பறிபோன கோபத்தில் இருந்த ஊருக்கு, இந்த ஜெர்மன் கப்பல் வந்த நேரம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

கப்பல் கைமாறியபோது ஜெர்மன் மாலுமிகளே அதில் இருந்தார்கள். தலையில் ஃபெஸ் குல்லாய் ஏறியது, கம்பத்தில் பிறைக்கொடி ஏறியது, அவ்வளவுதான். மாடல் செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. பெட்டியில் உள்ள உடல் பகுதியில் 15 செ.மீ. பீரங்கிகள் பன்னிரண்டும் இருக்கின்றன. 1914 டிசம்பர் 26 அன்று பாஸ்பரஸ் நீரிணை வாயிலருகே இரண்டு கண்ணிவெடிகளில் யாவுஸ் மோதியது. அவ்வளவு பெரிய கப்பலை ஏற்றும் உலர்துறை அங்கே இல்லாததால், ஓட்டையைச் சுற்றி நீர்த்தடுப்புப் பெட்டிகள் அமைத்துத்தான் பழுது பார்த்தார்கள். 1915இல் 15 செ.மீ. பீரங்கிகளில் இரண்டையும் 8.8 செ.மீ. பீரங்கிகளில் நான்கையும் கழற்றினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பின்மேல்தளத்தில் நான்கு விமான எதிர்ப்புப் பீரங்கிகள் ஏறின. 1927 முதல் 1930 வரை பிரெஞ்சுக் கம்பெனி செய்த பெரிய பராமரிப்பு, 1941இல் 40 மி.மீ., 20 மி.மீ. துப்பாக்கிகள் என்று பிறகும் முகம் மாறிக்கொண்டே போனது.

ஆகவே பெட்டியில் உள்ளதை வெட்டாமல் ஒட்டாமல் சரியாகச் செய்ய ஒரே காலம்தான் உண்டு: 1914 ஆகஸ்ட் 16 முதல் டிசம்பர் 26 வரை. ரஷ்யத் துறைமுகமான செவஸ்தபோல் மீது குண்டு வீசிய அக்டோபர் 29உம், ரஷ்யக் கடற்படையோடு சாரிச் முனையில் மோதிய நவம்பர் 18உம் இதற்குள் அடங்கிவிடும்.

டீகால் தாளைப் பார்த்தால் பக்கவாட்டில் ஒட்ட 'பி 70' என்ற எண் கொடுத்திருக்கிறார்கள். துருக்கி நேட்டோவில் 1952இல் சேர்ந்த பிறகு வந்த எண் அது. கப்பல் 1950 டிசம்பரிலேயே பணியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. 1914 பீரங்கிகளோடு அந்த எண்ணை ஒட்டுவது, கல்யாணப் படத்தில் பேரனை நிற்க வைப்பது போல. அந்த எண்ணை வெட்டித் தனியே வைத்துவிடுங்கள்.

ஓர் ஓரக்குறிப்பு: நம் ஊரில் 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்வதற்குக் காரணமான ஜெர்மன் கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கியது. அதன் கரையிறங்கிய குழு, கப்பல் அழிந்த பிறகு அரேபியா வழியாகத் தப்பி 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோப்பிளில் போய்ச் சேர்ந்தது. அங்கே அவர்கள் ஆஜரானது யாவுஸை அங்கு கொண்டுபோன அதே தளபதி சூஷோனிடம்தான். எம்டன் மாடலை ஏற்கெனவே செய்து வைத்திருப்பவர்கள் யாவுஸை அதன் பக்கத்தில் வைக்க இது போதுமான காரணம்.

இனி அச்சின் தரம். உண்மைக் கப்பல் நீளம் 186.6 மீட்டர், அகலம் 29.4 மீட்டர். 1:700இல் 266.6 மி.மீ., 42 மி.மீ. வர வேண்டும். கடையின் உடல் பகுதி 265.5 மி.மீ. நீளம், 42 மி.மீ. அகலம். இந்த வித்தியாசம் ரெசின் சுருங்குவதால் வருவது, பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கடையின் இயந்திரத் தட்டுக்குள் முழு நீளம் அடங்காததால் உடலை இரண்டாக அச்சிட்டு, இரு புகைபோக்கிகளுக்கும் நடுவே வெட்டியிருக்கிறார்கள். மிக மோசமான இடம். மரப்பலகைக் கோடுகள் அங்கே திறந்த வெளியில் ஓடுகின்றன, மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு பாதிக்கும் நடுவே 0.4 மி.மீ. உயர வித்தியாசம், அதாவது ஒரு படி வேறு.

இதைச் சரிசெய்யும் வழி: வெட்டுமுகம் இரண்டையும் கண்ணாடி மேல் விரித்த 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) எட்டு வடிவில் தேய்க்கவும். 1 மி.மீ. துளை இரண்டு போட்டுப் பித்தளைக் கம்பி செருகவும். ஒட்ட இரண்டு டியூப் எபாக்ஸிதான் வேண்டும். சயனோ பசை பத்து நொடியில் பிடித்துக்கொள்வதால் நேர்படுத்த அவகாசம் தராது. ஒட்டும்போது தட்டையான பரப்பு அவசியம். கிரானைட் பட்டறையில் கேட்டால் பாலிஷ் போட்ட துண்டு ஒன்று சும்மாவே தருவார்கள். மேல்தளத்தை அதில் கவிழ்த்து வைத்து ஒட்டினால் படி அடியில் போய்விடும். அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்! தேய்ப்பில் அழிந்த பலகைக் கோடுகளை ஊசிமுனையால், எஃகு ஸ்கேல் வைத்து, திரும்பக் கீற வேண்டும்.

உடல் உள்ளே கூடு. அடியில் 2 மி.மீ. வடிதுளை இரண்டுதான் விட்டிருக்கிறார்கள், போதாது. உள்ளே இறுகாத ரெசின் தங்கியிருந்தால் துளையை முகர்ந்தாலே காட்டமாக அடிக்கும், விரலில் பிசுபிசுக்கும். அதை அப்படியே அடைத்துப் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் பக்கச் சுவர் வெடிக்கும். திரவ ரெசின் சுவரை உள்ளிருந்து ஊறவைப்பதும் சுவரில் ஏற்கெனவே உள்ள இழுவிசையும் சேர்ந்து செய்யும் வேலை அது. துளைகளை 4 மி.மீ. ஆக்கி, சிரிஞ்சால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மூன்று முறை செலுத்திக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, யூவி டார்ச்சைத் துளை வழியே உள்ளே காட்டவும். நைட்ரைல் கையுறை கட்டாயம், இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாமல் திறந்த தட்டில் வெயிலில் வைத்து, ரெசின் இறுகிப் படிந்த பிறகு குப்பையில் போடவும். சேலத்து வெயிலே நல்ல யூவி அடுப்பு: பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் வைத்தால் மஞ்சளாகி நொறுங்கும்.

முனை 2 மி.மீ. தூக்கியிருந்தால், 70 டிகிரி சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி, கிரானைட் துண்டில் அழுத்தி, அழுத்தத்தை விடாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும். ஏப்ரலில் இந்தப் பெட்டியைக் காருக்குள் விட்டுப் போனால் அந்த வேலை மறுபடியும் முதலிலிருந்து.

பீரங்கிக் குழல்கள் அச்சில் வளைந்தே வருகின்றன. மருந்துக்கடை ஊசிகளைப் போடுங்கள், அளவு ஆச்சரியமாகப் பொருந்தும். 28 செ.மீ. பீரங்கியின் வாய் 1:700இல் 0.4 மி.மீ. 22ஜி ஊசியின் உள்துளை 0.41, வெளிவிட்டம் 0.72. 15 செ.மீ. பீரங்கிக்கு 0.21 வேண்டும், 27ஜி ஊசியின் உள்துளை அதேதான். முதல் வகை பத்து, இரண்டாவது பன்னிரண்டு வேண்டும். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். உள்ளே மெல்லிய கம்பி விட்டு, கட்டிங் டிஸ்க்கால் அறுத்து, வைர அரத்தால் முனையைச் சமன் செய்து, பிறகு கம்பியை உருவவும். உடலில் குழல் செருக 0.4 மி.மீ. டிரில் பிட் வேண்டும். அதற்கு ஆன்லைனில் காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நுண் டிரில் பிட், கைத்துளைப்பான், ஊசிமுனைச் சாமணம், மயிரிழை ரம்பம் எல்லாம் கிடைக்கும். ஹாபி கடை விலையைப் பார்த்தவர்களுக்கு அங்கே போனால் மனசு ஆறும். பக்கவாட்டுக் கோபுரங்கள் இரண்டும் எதிரெதிரே நேராக இருக்காது, ஒன்று முன்னே ஒன்று பின்னே. துளை சரியாகத்தான் இருக்கிறது, 'அச்சுப் பிழை' என்று நினைத்து நகர்த்திவிடாதீர்கள்.

கொடிமரக் கயிறு, ஆன்டெனா கம்பிகளுக்கு அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களிடம் கிடைக்கும் 20/22 டெனியர் கச்சாப் பட்டு இழை அழகாக இருக்கும். தடிமன் சுமார் 0.05 மி.மீ. சேலத்தில் நன்றாக இழுத்து நிற்கும். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் மூடுபனியில் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். மலையில் வைக்கப் போகும் மாடலுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையின் 40 கேஜ் தாமிரக் கம்பிதான் சரி, 0.12 மி.மீ. இருக்கும். இரண்டு பளிங்குத் துண்டுகளுக்கு நடுவே உருட்டினால் நேராகிவிடும்.

பெயின்டிலும் இதே மலை, சமவெளி வித்தியாசம். ஏற்காட்டில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாளில் லாக்கர் அடித்தால் பால் போல வெண்படலம் பூக்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) பத்து சதவீதம் சேர்த்தால் குறையும், அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. சேலத்தில் மே மாத மதியம் நேர்மாறு: பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போல விழும். காலை ஏழு மணிக்குள் அடித்து முடிக்கவும். யாவுஸின் உடல் வெளிர் சாம்பல், தளம் மரநிறம்.

கொடி டீகாலில் ஒரு பக்கம் இடவலம் மாறியிருக்கிறது. கம்பத்தின் பக்கம் பிறையின் முதுகு இருக்க வேண்டும், நட்சத்திரம் பறக்கும் பக்கம். மடித்து ஒட்டும்போது இரண்டு பக்கத்திலும் இது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரில் போடவும்.

நுஸ்ரத் வெறும் 57 மி.மீ. உண்மைக் கப்பலே 40 மீட்டர்தான், 365 டன். 1915 மார்ச் 8 விடியுமுன் தார்தனெல்ஸின் எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிவெடிகளை இறக்கிவிட்டுப் போயிற்று. பத்து நாள் கழித்து பிரெஞ்சு பூவே, பிரிட்டிஷ் இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய மூன்று போர்க்கப்பல்களும் அந்தப் பக்கத்தில் மூழ்கின. அச்சு ஒரே துண்டாக, சுத்தமாக வந்திருக்கிறது. பின்தளத்துக் கண்ணிவெடித் தண்டவாளம் கூடத் தெரிகிறது. ஒரு மாலையில் முடியும். யாவுஸின் பக்கத்தில் வைத்தால் அளவு வித்தியாசமே கதையைச் சொல்லிவிடும்.

ஹமிதியே: 160 மி.மீ., மூன்று புகைபோக்கி, 1903இல் நியூகாசல் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் இறக்கிய கப்பல். பால்கன் போரில் இதன் கேப்டன் ரவூஃப் பே இதைக் கொண்டு ஏஜியனுக்குள் புகுந்து கிரேக்கர்களை அலைக்கழித்தார். புகைபோக்கி வாய் அடைபட்டு வந்திருக்கிறது, 2 மி.மீ. துரப்பணம் போதும்.

கொஜாதெபே ஏமாற்றம். 1974 ஜூலை 21 அன்று சைப்ரஸ் அருகே துருக்கி விமானங்களே கிரேக்கக் கப்பல் என்று நினைத்து மூழ்கடித்த நாசகாரி அது. இரு நாடுகளிடமும் ஒரே அமெரிக்க கியரிங் வகை இருந்ததுதான் குழப்பத்தின் வேர். கடையோ இரண்டாம் உலகப் போர் கால கியரிங்கை அப்படியே அச்சிட்டுப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறது. பின்னாளில் செய்த நவீனப்படுத்தல் எதுவும் இதில் இல்லை.

ஹெய்பெலியாதா, துருக்கி தானே வடிவமைத்து இஸ்தான்புல் கடற்படைத் தளத்தில் கட்டிய மில்கெம் திட்டத்தின் முதல் கொர்வெட் (சிறு போர்க்கப்பல்). 2008 செப்டம்பர் 27 அன்று நீரில் இறக்கி, 2011இல் அதே தேதியில் பணியில் சேர்த்தார்கள். உஸ்மானியக் கடற்படைத் தளபதி பர்பரோஸ் ஹைரெத்தின் 1538இல் பிரெவேசாவில் வென்றதைக் கொண்டாடும் துருக்கிக் கடற்படை நாள் அது. 142 மி.மீ. மாடலில் சாய்ந்த பக்கச் சுவர்களில் லேயர் கோடுகள் படிக்கட்டு போலத் தெரிகின்றன. 50 மைக்ரானில் அச்சிட்டதன் விளைவு. ப்ரைமர் இரண்டு பூச்சு, நடுவே 1000 நம்பர் பேப்பர். 76 மி.மீ. பீரங்கிக்கு 36 கேஜ் தாமிரக் கம்பி. கேட்டால் 30 மைக்ரானில் அச்சிட்டுத் தருகிறார்கள், ஆனால் நேரம் கூடுவதால் கூடுதல் பணம் கேட்கிறார்கள். இந்த ஒரு கப்பலுக்கு மட்டும் கேட்டு வாங்கலாம்.

பார்சல் விஷயம்: உதிரிகளை வெறும் பாலிதீன் பையில் போட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஏற்காட்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் அது தாங்காது. அச்சிடும்போது உதிரிகளைத் தாங்கும் சப்போர்ட் தண்டுகளை வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள். கொடிமரமும் கிரேனும் அந்தக் கூட்டுக்குள்ளேயே பத்திரமாக வந்து சேரும். வெட்டும்போது முதலில் சுடுநீரில் அரை நிமிடம் போட்டு, பக்கவாட்டு நிப்பரால் உடலிலிருந்து 1 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தை அரத்தால் எடுக்கவும்.