டர்போ காரின் எரிபொருள் அழுத்தம்: பழைய ரெகுலேட்டரா, அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரா?

நிசான் சில்வியா காரின் எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்சினில் கூடுதல் திறனுக்காகச் செய்த மாற்றங்களைக் கழற்றி, காருடன் வந்த பழைய இன்ஜெக்டர்களையும் (பெட்ரோலைப் பீய்ச்சுபவை) இசியுவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) திரும்பப் பொருத்தியபின், எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது.

காருடன் வந்த ரெகுலேட்டரில் திருகி மாற்ற எதுவுமில்லை. எஞ்சினின் காற்று உள்ளிழுக்கும் பகுதியோடு அதை இணைக்கும் வேக்குவம் குழாயைக் கழற்றினால் அழுத்தம் ஏறத்தாழ 3 பார் (பார் என்பது அழுத்த அலகு). மாட்டினால் ஐடிலில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, சுமார் 2.5 பார். இசியு இதை நம்பியே பெட்ரோலை அளக்கிறது.

திருகி அழுத்தத்தை மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரில், கழற்றிய மாற்றங்களுக்காக வைத்த அழுத்தம் அப்படியே தங்கிவிடுகிறது. 3.5 பாரில் விட்டுவிட்டால், ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் பாயும். எனவே எஞ்சின் ஐடிலில் ஓடும்போது குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்து, 3 பாருக்குத் திருகி, லாக் நட்டை இறுக்கிய பின்னரே குழாயை மாட்ட வேண்டும். குழாயை மாட்டிய நிலையிலேயே 3 பார் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு; அது பூஸ்டிலும் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போதும்) கலவையில் பெட்ரோலைக் கூட்டிவிடும்.

என் தேர்வு பழைய ரெகுலேட்டரே. ஆனால் பெரிய பம்ப் இன்னும் தொட்டியில் இருந்தால், அது அனுப்பும் மிகுதிப் பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பிவிட முடியாமல் பழையது திணறக்கூடும். அப்போது அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரே பொருத்தமானது.