திரை ஃப்ளிக்கர் ஆனால்: அக்சலரேஷனை நிறுத்துவதா, டிரைவரை மாற்றுவதா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிரவுசரில் வீடியோ ஓடுகிறது. வீடியோ எடிட்டரைத் திறந்ததும் அதன் பிரிவியூ கறுத்துவிடுகிறது, அல்லது பிரவுசர் ஃப்ளிக்கர் ஆகிறது. தனித்தனியாகத் திறந்தால் இரண்டிலும் குறை இல்லை. உடனே டிரைவரை, அதாவது படம் வரையும் சிப்பான ஜிபியூவை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம், அது கடைசிக் கட்ட வேலை.

ஃப்ளிக்கர் ஆகும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதுவும் சேர்ந்து ஃப்ளிக்கர் ஆனால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். அது மட்டும் அசையாமல் நின்றால் கோளாறு பெரும்பாலும் புரோகிராமில்தான். அப்படியே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியூ மெமரியையும் பாருங்கள். அது நிரம்பி வழிந்தால் அங்கே நடப்பது இரண்டு புரோகிராம்களின் மோதலே இல்லை, இடப் பற்றாக்குறை. டேப்களை மூடினாலே சரியாகிவிடும்.

புரோகிராம்தான் காரணம் என்றால் ஹார்டுவேர் அக்சலரேஷனை (புரோகிராம் தன் பட வேலையை ஜிபியூவிடம் கொடுப்பதை) நிறுத்துவதே என் முதல் தேர்வு. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் போய் கிராஃபிக்ஸ் அக்சலரேஷன் சுவிட்சை அணைத்து, பிரவுசரை மறுபடி திறக்க வேண்டும். ஒரு நிமிட வேலை, பிடிக்காவிட்டால் அதே சுவிட்ச். ஆனால் வீடியோ டீகோடிங் சுமை ப்ராசஸர் தலையில் விழும். பழைய கம்ப்யூட்டரில் 4கே வீடியோ திக்கும், ஃபேன் இரையும். அதனால் பிரவுசரில் அணையுங்கள், எடிட்டரில் கை வைக்காதீர்கள். எடிட்டருக்கு ஜிபியூ இல்லாமல் போனால் ரெண்டரிங் நேரம் எகிறிவிடும்.

இரண்டு ஜிபியூ உள்ள லேப்டாப்பில் கதை வேறு. திரையைப் பதிவுசெய்யும் புரோகிராமான ஓபிஎஸ்-இல் டிஸ்ப்ளே கேப்சர் வெறும் கறுப்பாக வந்தால், திரையை ஒரு ஜிபியூ வரைகிறது, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடுகிறது என்று அர்த்தம். அக்சலரேஷனை அணைத்து இங்கே பயனில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் ஓபிஎஸ்-ஐ பவர் சேவிங்குக்கு (பொதுவாகத் திரையை வரையும் ஜிபியூ இதுதான்) மாற்றி, மூடித் திறந்தால் படம் வந்துவிடும்.

டிரைவர்தான் காரணம் என்று தெரிந்தால் இரண்டு வழி. அப்டேட் ஆன பிறகு தொடங்கிய தொல்லைக்கு டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் (முந்தைய டிரைவருக்குத் திரும்புவது) போதும். பழைய டிரைவர் கைவசம் இல்லையென்றால் அந்த பட்டன் மங்கலாக இருக்கும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாக்கில் 4101 எண் திரும்பத் திரும்ப வந்தால், ஜிபியூ 2 நொடிக்குள் பதில் தராததால் விண்டோஸே டிரைவரை மறுபடி தொடங்கியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) அந்த 2 நொடியைக் கூட்டச் சொல்லும் வைத்தியத்தை நம்பாதீர்கள். உறைந்த திரையை இன்னும் அதிக நேரம் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

ரோல் பேக்கும் உதவாதபோதுதான் டிடியூ, அதாவது டிரைவரை முழுதாக அழிக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். புதிய டிரைவரை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டு, இணைய இணைப்பைத் துண்டித்து, சேஃப் மோடில் ஓட்டுங்கள். இணைப்பு இருந்தால் நடுவிலேயே விண்டோஸ் தன் டிரைவரைப் போட்டுவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.